ஃபேடரைத் தூக்கினேன், பிளேயர் ஓடவில்லை!
ஒலிபரப்புக் கூட ரிமோட் வயரிங்: வாசகர் கேள்வி-பதில்

சமுதாய வானொலி நடத்தும் கல்லூரிகளிலிருந்தும் தொண்டு நிறுவனங்களிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் சுற்றுகின்றன. கன்சோல், பிளேயர், டிரான்ஸ்மிட்டர் ஆகியவற்றைத் தள்ளி உட்கார்ந்து இயக்குகிற கம்பிகள். அவை இயங்கியதா என்று காட்டுகிற விளக்குகள். ஆடியோ கம்பியைப் பார்த்துப் பார்த்து இழுப்பவர்கள்கூட இதை ‘வெறும் சுவிட்ச் கம்பிதானே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டும் நழுவு குமிழ்) தூக்கியதும் பிளேயர் ஓட வேண்டும் என்று கன்சோலின் ஜிபிஓ முனைகளையும் (கட்டளை வெளியே போகும் முனைகள்) பிளேயரின் ஸ்டார்ட் முனைகளையும் நேராக இணைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இணைப்பைப் பிரித்து மீட்டர் வைத்தால் இரண்டு பக்கமும் 0 வோல்ட். எது பழுது?
– வாசகர், திண்டுக்கல்

எதுவும் பழுதில்லை. 0 வோல்ட் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. இரண்டு பக்கமும் ‘கரண்ட்டை நீ கொடு’ என்று காத்துக்கொண்டிருக்கின்றன.

உள்ளீடுகளில் பொதுவாக இரண்டு ஜாதி. முதல் வகையில் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டியிருக்கும். அந்த முனையைக் கிரவுண்டுடன் தொட்டால் போதும், கட்டளை போய்விடும். ஒன்றும் இணைக்காமல் மீட்டர் வைத்தால் 5 வோல்ட் காட்டும். சில கருவிகளில் 3.3, சிலவற்றில் 12. இரண்டாவது வகையில் உள்ளே ஆப்டோகப்ளர். அதனுள் ஒரு சின்ன எல்இடி இருக்கிறது. வெளியிலிருந்து கரண்ட் போய் அது எரிந்தால்தான் கட்டளை வந்ததாகக் கணக்கு. உங்கள் பிளேயர் இந்த இரண்டாவது வகை. கன்சோலின் வெளியீடும் ஆப்டோ டிரான்சிஸ்டராகவோ ரிலேயாகவோ (காந்தத்தால் இழுபடும் சுவிட்ச்) இருக்கும். அது கதவு மாதிரி, திறக்கும், மூடும். தானாக மின்சாரம் தராது.

ஆகவே தனியாக ஒரு 12 வோல்ட் சப்ளை வேண்டும். சப்ளையின் பிளஸ், கன்சோல் வெளியீட்டின் பிளஸ் முனைக்கு. அதன் மைனஸ் முனையிலிருந்து 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிளேயர் உள்ளீட்டின் பிளஸ்ஸுக்கு. பிளேயர் உள்ளீட்டின் மைனஸ், சப்ளையின் மைனஸுக்கு. அவ்வளவுதான்.

1.2 கிலோ ஓம் எப்படி வந்தது? ஆப்டோ எல்இடி 1.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், கன்சோல் டிரான்சிஸ்டர் 0.3 வோல்ட். மிச்சம் 10.5. அதை 1.2 கிலோ ஓமால் வகுத்தால் சுமார் 9 மில்லியாம்பியர். பிளேயருக்குள் ஏற்கெனவே 390 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தால்கூட 6.6 மில்லியாம்பியர் ஓடும். ஆப்டோவுக்கு அது தாராளம். உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபோது இந்த மதிப்பு இரண்டுக்கும் பொருந்திவிடும். சப்ளை 24 வோல்ட் என்றால் 2.2 கிலோ ஓம். ஆனால் கால் வாட் ரெசிஸ்டர் போடாதீர்கள், அதில் 0.23 வாட் சூடாகிறது, கால் வாட்டின் விளிம்பு. கொஞ்ச நாளில் கருகும். அரை வாட் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஆப்டோவுக்குத் திசை உண்டு, பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் உள்ளே எல்இடி எரியாது. அந்த 12 வோல்ட் சப்ளையின் மைனஸை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆடியோ கிரவுண்டுடன் சேர்த்துவிடாதீர்கள். ஆப்டோ இரண்டு கருவிகளையும் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு கம்பியால் அவற்றை மறுபடி ஒட்டினால் ஆடியோவில் ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) வந்து உட்காரும்.

ஸ்டார்ட் கட்டளை துடிப்பாக இருக்க வேண்டுமா, பிடித்தபடி இருக்க வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பிளேயருக்குத் துடிப்பு, 200 மில்லிசெகண்ட். விளக்குக்கும் மானிட்டர் மியூட்டுக்கும் பிடித்தபடி. பிளேயருக்கும் பிடித்தே வைத்தால், பாட்டு முடிந்ததும் அதே பாட்டை மறுபடி தொடங்குகிற பிளேயர்கள் உண்டு. இன்னொன்று: கரண்ட் போய் வந்தால் சில கன்சோல்கள் விழித்தெழும்போது எல்லா வெளியீடுகளையும் ஒரு தடவை சிமிட்டும். கட்டளைச் சப்ளையை ஒரு டைமர் ரிலே வழியாக 15 விநாடி தாமதித்துக் கொடுத்தால் அந்தச் சிமிட்டல் யாரையும் எழுப்பாது.

ஆறு மாதம் நன்றாக இருந்தது. இப்போது பொத்தானை மூன்று முறை அழுத்தினால் ஒரு முறைதான் ரெக்கார்டர் ஓடுகிறது. ரிலே ‘டிக்’கென்று ஒவ்வொரு முறையும் அடிக்கிறது. 10 ஆம்பியர் ரிலேதான் போட்டிருக்கிறோம்.
– வாசகர், சேலம்

அந்த 10 ஆம்பியர்தான் வினை. ரெக்கார்டரின் உள்ளீடு 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓமில் கட்டியிருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். அப்படியானால் கான்டாக்ட் வழியாக ஓடுவது வெறும் அரை மில்லியாம்பியர். கடையில் கிடைக்கிற நீல நிறச் சதுர ரிலேயின் கான்டாக்ட் வெள்ளிக் கலவை. அதன்மேல் மெல்லிய படலம் படியும். விளக்கு, மோட்டார் போன்ற சுமை என்றால் மூடும்போது எழும் பொறியே அந்தப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்துவிடும். அரை மில்லியாம்பியருக்குப் பொறி ஏது? படலம் தடித்துக்கொண்டே போகும், ரிலே அடிக்கும், கரண்ட் ஓடாது.

தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள சிக்னல் ரிலே கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ‘சிக்னல் ரிலே, டூ போல்’ என்றால் எடுத்துத் தருவார்கள். அல்லது ரிலேயையே எடுத்துவிட்டு பிசி817 ஆப்டோ போடுங்கள், அதில் தேய கான்டாக்டே இல்லை. ஒன்று மட்டும்: தங்க முலாம் ரிலேயில் ஒரே ஒரு நாள்கூடச் சோதனைக்காக விளக்கை இணைக்காதீர்கள். பொறியில் முலாம் போய்விடும். அப்புறம் அதுவும் வெள்ளி ரிலேதான்.

யுஎல்என்2003 ஐசி வைத்து நாங்களே செய்த கட்டுப்பாட்டு போர்டு ரிலேக்களை நன்றாக இழுக்கிறது. அதே வெளியீட்டைப் பழைய சிடி பிளேயரின் உள்ளீட்டுக்குக் கொடுத்தால் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை.
– வாசகர், கோவை

யுஎல்என்2003-க்குள் இருப்பவை டார்லிங்டன் ஜோடிகள், அதாவது ஒன்றோடொன்று கோத்த இரண்டிரண்டு டிரான்சிஸ்டர்கள். முழுதாகத் திறந்தாலும் அதன் வெளியீடு 0.7 முதல் 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. 12 வோல்ட் ரிலேக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் டிடிஎல் வகை (5 வோல்ட் லாஜிக்) உள்ளீடு 0.8 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் ‘தாழ்வு’ என்று உறுதியாக ஏற்கும். உங்கள் போர்டு வேலியின்மேல் நிற்கிறது. அந்த ஒரு வெளியீட்டுக்கு மட்டும் பிசி547 டிரான்சிஸ்டர், பேஸில் 4.7 கிலோ ஓம். அல்லது 2என்7000 மாஸ்ஃபெட். இரண்டுமே இந்தச் சிறிய கரண்ட்டுக்கு 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும்.

டிரான்ஸ்மிட்டர் மொட்டை மாடி அறையில், 70 மீட்டர் கேட்-5 கேபிள் தூரத்தில். ஏழு கம்பியில் ஏழு ரிலே, எட்டாவது கம்பி எல்லாவற்றுக்கும் பொது. ஸ்டூடியோவிலிருந்து 12 வோல்ட். காலையில் எல்லாம் சரி. மதியம் கடைசி ரிலே மட்டும் இழுக்க மறுக்கிறது. ரிலேயை மூன்று முறை மாற்றியாயிற்று.
– வாசகர், வேலூர்

ரிலேயைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். கேட்-5-இல் ஒரு கம்பி 100 மீட்டருக்குச் சுமார் 9.4 ஓம், உங்கள் 70 மீட்டருக்கு 6.6 ஓம். 12 வோல்ட் ரிலேயின் காயில் (அதை இழுக்கும் செம்புச் சுருள்) 400 ஓம், ஒன்றுக்கு 30 மில்லியாம்பியர். ஏழும் இழுத்தால் 210 மில்லியாம்பியர் அந்த ஒற்றைப் பொதுக் கம்பி வழியாகத் திரும்ப வேண்டும். அதில் மட்டும் 1.4 வோல்ட் போய்விடுகிறது. ரிலேயின் சொந்தக் கம்பியில் 0.2. ஆக, ரிலேக்குக் கிடைப்பது 10.4.

இந்த வகை ரிலே 20 டிகிரியில் 9 வோல்ட்டுக்குள் இழுத்துவிடும் என்று கையேடு சொல்லும். மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் மதியம் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். 40 டிகிரி ஏறினால் 16 சதவீதம். அதே காந்த இழுப்புக்கு இப்போது 9 போதாது, 10.4 வேண்டும். கிடைப்பதும் அதே 10.4. மற்ற ஆறும் இழுத்து நிற்கும்போது கடைசியாக வருவது திண்டாடுகிறது. வெயில் இறங்கினால் சரியாகிவிடும் என்பதால்தான் யாரும் கம்பியைச் சந்தேகிப்பதில்லை.

ரிலேக்களை ஓட்டும் 12 வோல்ட்டை மாடி அறையிலேயே ஒரு சிறு சப்ளையிலிருந்து எடுங்கள். கேபிளில் ஆப்டோவுக்கான 8 மில்லியாம்பியர் மட்டும் போகட்டும். ஏழுக்கும் சேர்த்து 56 மில்லியாம்பியர், பொதுக் கம்பியில் 0.4 வோல்ட்டுக்குள்தான் இழப்பு. நிலை காட்டும் கம்பிகளை இதே கேபிளில் சேர்க்காமல் இரண்டாவது கேபிளில், தனிப் பொதுக் கம்பியுடன் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரிலே அடிக்கும்போதும் உங்கள் அளவீடு தள்ளாடும்.

ஒவ்வொரு காயில்மேலும் 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். ஸ்டூடியோ முனையில் வேண்டாம், காயிலின் காலிலேயே பற்றவையுங்கள். காயில் விடும்போது எழும் உதையை 70 மீட்டர் கம்பியில் ஓடவிட்டால், போகிற வழியில் ஆடியோவில் ‘டப்’ என்று கேட்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறோம், ஏனென்றால் அனுப்பிய படத்தில் அது இல்லை. ஆன் துடிப்பு, ஆஃப் துடிப்பு தவிர, ‘மூடியிருந்தால் மட்டுமே ஓடு’ என்கிற இன்டர்லாக் சுற்று ஒன்று தனியாக வேண்டும். எலி கேபிளைக் கடித்தால் டிரான்ஸ்மிட்டர் நிற்க வேண்டும். நிறுத்த வழியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் ‘லோக்கல் / ரிமோட்’ சாவியும் கட்டாயம். லோக்கலில் வைத்தால் ஆன் கட்டளைக் கம்பியையே அது துண்டிக்க வேண்டும். கோபுரத்தில் ஆள் ஏறும்போது சாவி அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.

டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தவுடன் நிலை காட்டும் விளக்குகள் இஷ்டத்துக்கு எரிகின்றன. ஆஃப் செய்தால் ஒழுங்காகிவிடுகின்றன.
– வாசகர், தஞ்சாவூர்

எஃப்எம் அலை உங்கள் கம்பிகளை ஆன்டெனாவாக்கிக்கொண்டது. 50 வாட்தானே என்று நினைக்காதீர்கள், கோபுரத்தின் அடியிலேயே அல்லவா போர்டு இருக்கிறது. கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் பெட்டியின் உடலுக்கு 1 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 1.6 ஓம்தான். ஆனால் அதன் கால்களை நீளமாக விட்டால் கதை கெட்டது: 10 மில்லிமீட்டர் கால் சுமார் 10 நானோஹென்ரி, அதே அலைவரிசையில் 6 ஓமுக்கு மேல். கெப்பாசிட்டரைவிட அதன் கால் பெரிய தடையாகிவிடும். ஒட்ட நறுக்கிப் பற்றவையுங்கள். கேபிளை ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றுங்கள். ஆறு கால் 4என்25 ஆப்டோ போட்டிருந்தால் 6-ஆவது கால், அதாவது பேஸ், காற்றில் தொங்குகிறதா என்று பாருங்கள்; அதற்கும் எமிட்டருக்கும் நடுவே 470 கிலோ ஓம் போட்டுக் கட்டிவிடுங்கள். நான்கு கால் பிசி817-இல் அந்தத் தொல்லை இல்லை.

இடி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடிக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவே செம்புக் கம்பி இருக்கும்வரை எந்த ஆப்டோவும் முழுக் காப்பு இல்லை. இரண்டு மீடியா கன்வர்ட்டரும் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின்சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) ஃபைபரும் போட்டு, மாடியில் நெட்வொர்க் ரிலே போர்டு வைப்பதுதான் எங்கள் கட்சி. கன்சோலைச் சரிபார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவு.

டிரான்ஸ்மிட்டரின் ஃபார்வர்டு பவர் முனை (ஆன்டெனாவுக்குப் போகும் பவரைக் காட்டுவது) 50 வாட்டில் 4 வோல்ட் தருகிறது. ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லில் படித்து ‘1 வோல்ட் = 12.5 வாட்’ என்று எழுதினோம். ஒரு நாள் திரையில் 25 வாட். மாடிக்குப் போய்ப் பார்த்தால் மீட்டரில் 12-தான். எது பொய்?
– வாசகர், மதுரை

உங்கள் சூத்திரம். பல டிரான்ஸ்மிட்டர்களில் அந்த முனை திசைக் கப்ளரின் (போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரித்துக் காட்டும் பகுதி) வோல்ட்டேஜை அப்படியே தருகிறது. பவர் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 வோல்ட் 50 வாட் என்றால் 2 வோல்ட் 25 அல்ல, 12.5. பவரை 25 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். 2.8 வோல்ட் வந்தால் வர்க்கம், 2 வந்தால் நேர் விகிதம். உங்களுடையது வர்க்கம் என்பது அந்த 12 வாட்டிலேயே தெரிகிறது.

ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரைக் காட்டும் ரிஃப்ளெக்டட் முனைக்கும் இதே கணக்கு. 50 வாட்டில் 2 வாட் திரும்பினால் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 1.5. அங்கே எச்சரிக்கை வையுங்கள். மழை ஓய்ந்ததும் அது இறங்காவிட்டால் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

ஈஎஸ்பி32 முனை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, உச்சத்துக்கு அருகே அளவும் வளையும். இரண்டு 10 கிலோ ஓம் வைத்துப் பாதியாக்குங்கள். 5 வோல்ட்டே வந்தாலும் 2.5-தான் போகும். அளக்கும் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள்.

ரிலேயின் காயிலுக்கு இணையாக எல்இடி வைத்து ‘டிரான்ஸ்மிட்டர் ஆன்’ என்று எழுதியிருக்கிறோம். போதுமா?
– வாசகர், தூத்துக்குடி

அந்த விளக்கு, ஆன் ஆகச் சொன்னீர்கள் என்று காட்டுகிறது. ஆனதா என்பது அதற்குத் தெரியாது. காயிலுக்குக் கரண்ட் போகும், கான்டாக்ட் மூடாது. கான்டாக்ட் மூடும், பியூஸ் போயிருக்கும். மேலே சொன்ன ஃபார்வர்டு பவர் முனையை ஒரு ஒப்பீட்டு ஐசிக்குக் கொடுத்து, 40 வாட்டைத் தாண்டினால் மட்டும் அதிலிருந்து விளக்கை ஏற்றுங்கள். கதவின் ‘ஒலிபரப்பில்’ சிவப்பு விளக்குக்கும் இதே நியாயம்: கன்சோலின் மைக் டேலியிலிருந்து எடுத்தால் மைக் திறந்திருக்கிறது என்றுதான் பொருள். கதவுக்கு அது போதும், தலைமை அறைக்குப் போதாது. அந்தச் சிவப்பு விளக்கு 230 வோல்ட் என்றால், கன்சோலின் ரிலேயில் அதை இணைக்கவே கூடாது. வெளியே தனிப் பெட்டியில் இன்னொரு ரிலே. இப்போது 12 வோல்ட் எல்இடி விளக்கே கிடைக்கிறது, இந்த வம்பே வேண்டாம்.

மவுனம் கண்டறியும் கருவியைச் சுவிட்சருக்கு (ஒரு பிளேயரிலிருந்து இன்னொன்றுக்கு ஒலியை மாற்றும் பெட்டி) பின்னால் வைத்தோம். ஒலி நின்றதும் மாற்று பிளேயருக்கு மாறுகிறது, அரை நிமிடத்தில் பழையதற்கே திரும்புகிறது, மறுபடி மாறுகிறது.
– வாசகர், திருச்சி

மாற்று பிளேயர் பாடியதும் கருவி ‘ஒலி வந்துவிட்டது’ என்று சமாதானமாகிறது, ரிலேயை விடுகிறது. திரும்பினால் மறுபடி மவுனம். ரிலேயைத் தன் கான்டாக்டாலேயே தன்னைப் பிடித்துக்கொள்ளும்படி இணைத்து, விடுவிக்க ஒரு கைப் பொத்தான் வையுங்கள். ஆள் வந்து பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். கன்சோல் வெளியீட்டைக் கேட்கும் கருவிக்கு மாடிக் கம்பி அறுந்தது தெரியாது. ஒரு எஃப்எம் ரிசீவரிலிருந்து கேட்கும் இன்னொன்றை எச்சரிக்கை மணிக்கு மட்டும் வையுங்கள். இடது, வலது இரண்டையும் கூட்டி ஒன்றாகக் கேட்காமல் தனித்தனியே கேளுங்கள். எங்காவது ஒரு கேபிளில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் கூட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாட்டு ஓடும்போதே மணி அடிக்கும்.

அளவு: உச்சத்திலிருந்து 40 டெசிபல் கீழே, 30 விநாடி. வீணை ஆலாபனை நிறைய போடுகிறவர்கள் 45 வையுங்கள். ஜனவரி 30 காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மவுன அஞ்சலி; 30-ஆவது விநாடியில் குத்துப்பாட்டு கிளம்பினால் எப்படி இருக்கும்? தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வேண்டும். சாதாரணச் சுவிட்ச் வேண்டாம், திருப்பிவைக்க மறப்பார்கள். மூன்று நிமிடத்தில் தானே பழைய நிலைக்கு வரும் டைமர் போடுங்கள்.

படத்தில் உள்ளபடியே டிபி-9 கனெக்டரைப் பற்றவைத்தேன். கட்டளைகள் எல்லாம் இடம் மாறி வருகின்றன: 1-க்கு 5, 2-க்கு 4.
– வாசகர், ஈரோடு

கனெக்டரை முன்பக்கம் பார்த்தால் ஒரு வரிசை, பற்றவைக்கும் பின்பக்கம் பார்த்தால் கண்ணாடியில் தெரிவது போல அதன் தலைகீழ். ஆண் கனெக்டருக்கு வரைந்த படத்தைப் பெண் கனெக்டருக்கு வைத்தாலும் இதே கோளாறுதான். 3-ஆவது முள் நடுவில் இருப்பதால் அது மட்டும் சரியாக வந்திருக்கும், பாருங்கள். ஒவ்வொரு முள்ளின் பக்கத்திலும் பிளாஸ்டிக்கில் எண் பொறித்திருக்கும். கடுகு அளவுதான், டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியும். அதைப் பார்த்துப் பற்றவையுங்கள், படத்தை ஓரமாக வையுங்கள்.